ஒற்றை விசில்

ஜனவரி 6, திங்கள்

ஆவுடையாள்குளம் பறவைகள் காப்பகத்தில் தன்னார்வக் காவலராக முதல் நாள். பச்சை நிறத்தில் கை இல்லாத மேல்சட்டை ஒன்றும் தொப்பி ஒன்றும் கொடுத்தார்கள். சட்டையின் பொத்தான் என் வயிற்றைத் தாண்டி வர மறுக்கிறது. வேறு அளவு இல்லையா என்று கேட்டேன். "வயிறு உள்ள தன்னார்வலர் இதுக்கு முன்னால வந்ததில்ல அண்ணாச்சி" என்றார் வனக்காவலர் அருள்குமார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் முதல் நாளே இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. குளத்துக் கரையில் நடக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டியிருக்கும் கருவேல மரங்கள் பக்கம் யாரும் போகாமல் பார்க்க வேண்டும். நாய்களை விரட்ட வேண்டும், குப்பை பொறுக்க வேண்டும், சத்தம் போடுகிறவர்களை அடக்க வேண்டும். பணிக்காலம் முழுவதும் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? இங்கே பயணிகள் மேலே உட்கார்ந்து எச்சம் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

எந்தக் கரை வேண்டும் என்று அருள்குமார் கேட்டார். கிழக்குக் கரை என்றேன். ஏன் என்றார். அங்கேதான் கூடுகள் அதிகம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூடுகள் மேற்கில்தான் அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. சொன்னது சொன்னதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பாளையங்கோட்டையில் ஏறி, ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் இறங்கி, அங்கிருந்து மினி பஸ். அந்த மினி பஸ் கண்டக்டரை என்னால் தாங்க முடியவில்லை. காதில் எந்நேரமும் பாட்டு. ஏறுகிறவர்கள் ஏறி முடித்தார்களா என்று பார்ப்பதே இல்லை, இரண்டு விசில் கொடுத்துவிடுகிறார். இன்று ஒரு அம்மா ஒரு காலைப் படியில் வைத்திருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. ஒற்றை விசில் நிறுத்த, இரட்டை விசில் போக. தொழிலே இவ்வளவுதான். இதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாதா? சொன்னேன். "நீங்க எந்த டிப்போ பெரியவரே?" என்று கேட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

கூட்டமான கூட்டம். நாரை பறந்தால்தான் போட்டோ நன்றாக வரும் என்று ஒருவர் கல்லை எடுத்துவிட்டார். கையைப் பிடித்தேன். நான் யார் தெரியுமா என்றார். யாராக இருந்தாலும் கல்லைக் கீழே போடுங்கள் என்றேன். நாள் முழுக்கச் சிப்ஸ் பை பொறுக்கியதில் இடுப்பு போய்விட்டது.

மத்தியானம் செல்லையா கடையில் டீ குடித்தேன். இந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டார்களாம். பறவை வரத்து குறைந்துவிடக் கூடாது என்று ஊரே சேர்ந்து எப்போதோ எடுத்த முடிவாம். பெருமையாகச் சொன்னார். ஊர்க்காரர்களுக்கு இருக்கிற ஒழுங்கு வெளியூர்க்காரர்களுக்கு ஏன் இல்லை என்று நான் கேட்டேன். "நீங்களும் வெளியூருதான அண்ணாச்சி" என்றார். அந்த டீயில் சீனியும் கூடுதல்.

ஜனவரி 19, ஞாயிறு

வீட்டுக்குப் போனால் பகவதி தினமும் கேட்கிற முதல் கேள்வி, "பாத்தியளா?" என்பதுதான். என்னத்தை என்று கேட்டால், "பறவையத்தான் கேக்கேன்" என்பாள். என் மனைவிக்கு இவ்வளவு நாளாகக் காக்கையைத் தவிர வேறு பறவை மீது அக்கறை இருந்ததில்லை.

நான் இங்கே வருவதற்கும் செண்பகம் இந்த ஊரில் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. இதைப் பகவதியிடம் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டேன். பென்ஷன்காரன் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டரே சொன்னார். பேப்பரில் ஆள் தேவை என்று போட்டிருந்தது. போட்டிருந்த ஊர் இது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

செண்பகம் எங்கள் மகள். ஒரே மகள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் ரேடியோ செட்டுக்காரன் ஜெபசிங்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவது தொழில். இனி என் வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். அவளும் மிதிக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுக்க வந்தது. அதோடு பறக்கும் கேமரா. அது நேராகக் கூட்டு மரங்களுக்கு மேலே போய் ஈ மாதிரி ரீங்காரம் போடுகிறது. நான் கத்துகிறேன், அவர்கள் கையசைக்கிறார்கள். வாழ்த்துச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள் போல. கை தன்னால் சட்டைப் பைக்குள் போனது. கண்டக்டர் காலத்து விசிலை எடுத்து ஊதிவிட்டேன்.

கேமரா இறங்கியது. ஆனால் கிழக்குக் கரையில் இருந்த நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் மொத்தமாக எழும்பிவிட்டன. கூட்டில் முட்டைகள் வெயிலில் கிடந்தன. அருள்குமார் ஓடி வந்தார். அந்தக் கேமராக்காரனைவிட எனக்குத்தான் திட்டு அதிகம். இனிமேல் காப்பகத்துக்குள் விசில் கூடாது, ரேஞ்சருக்குத் தெரிந்தால் எழுத்தில் விளக்கம் கேட்பார் என்றார். சரி என்றேன். விசிலை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். அதை மறுபடி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

என் விசில் மற்றவர்கள் விசில் மாதிரி இருக்காது. ஆரம்பத்தில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். வண்டி எங்கள் தெருவைத் தாண்டும்போது ஊதினால், சாப்பிட்டுக்கொண்டிருந்த செண்பகம் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடுவாள் என்று பகவதி சொல்வாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது.

பறவைகள் திரும்ப உட்காருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்குத் தெருவில் பச்சை வீட்டு மாடியில் ஒரு பெண் அவசரமாக வந்து குளத்தைப் பார்த்து நின்றாள். துணி எடுக்க வந்திருப்பாள். கொடியில் துணி இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பைனாகுலர் எப்போதும் தெருப் பக்கமே திரும்பியிருக்கிறதே என்று அருள்குமார் கேட்டார். மின்கம்பியில் மீன்கொத்தி என்றேன்.

பச்சை வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. மொட்டையாக நிற்கிறது. அதில் ஒரு கர்ப்பிணி ஈரத்துணி வாளியோடு ஏறி இறங்குகிறாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடுப்படியில் நின்று மூச்சு வாங்குகிறாள். ஊரெல்லாம் குழாய் கட்டத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டுப் படிக்கு நாலு கம்பி வைக்கத் தெரியவில்லை. யார் வீடாக இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில், "அவளுக்கு இது ஆறாம் மாசம்" என்றாள் பகவதி. என்னிடம் எதற்குச் சொல்கிறாய் என்றேன். சுவரிடம் சொன்னேன் என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

ராத்திரிக் காற்றில் மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சுகள் சில கீழே விழுந்திருந்தன. பொறுக்கிக் கம்பி வேலிக்குள் விட்டோம். மீன் துண்டை வாய்க்குள் திணித்தால் பாதியை என் சட்டையில் கக்குகின்றன. சட்டை நாற்றம் வீடு வரை வந்தது. மினி பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

தாயும் தகப்பனும் மேலே கிளையில்தான் நிற்கின்றன. கீழே கிடக்கிற தன் குஞ்சைப் பார்க்கின்றன. இறங்கி வருவதில்லை. கூட்டில் இருந்தால்தான் இரை கொடுக்குமாம், கீழே விழுந்துவிட்டால் அது தன் பிள்ளையே இல்லையாம். அருள்குமார் சொன்னார். அப்படி என்ன வீம்பு ஒரு பறவைக்கு? எனக்கு அவற்றின் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

பகவதியிடம் இதைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்

புகார் வந்திருக்கிறது. மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிழக்குத் தெருப் பச்சை வீட்டில் வளைகாப்பு. அன்றைக்குச் சரவெடி போடப் போகிறார்கள், பெரிய பெரிய பெட்டி வைத்துப் பாட்டுப் போடப் போகிறார்கள் என்று யாரோ வன அலுவலகத்துக்கு போன் செய்திருக்கிறார்கள். குஞ்சு பொரித்திருக்கிற நேரம். வெடி போட்டால் தாய்ப் பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும், இந்த வருஷக் குஞ்சுகள் மொத்தமும் போச்சு.

நேரில் போய்ச் சொல்லி நிறுத்த வேண்டும் என்றார் அருள்குமார். சொல்லுங்கள் என்றேன். "நானா? கிழக்குக் கரை ஒங்களுதுலா அண்ணாச்சி. கேட்டு வாங்குன கரை" என்றார்.

போக மாட்டேன்.

பிப்ரவரி 22, சனி

கிழக்குத் தெரு மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினேன். வெடி வெடிக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, மீறினால் நடவடிக்கை. பசை காய்வதற்குள் ஒரு ஆடு பாதியைத் தின்றுவிட்டது.

பிப்ரவரி 25, செவ்வாய்

செல்லையாவிடம் சொல்லி அந்த வீட்டுக்குத் தகவல் அனுப்பலாம் என்று பார்த்தேன். அவர் என்னிடமே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெண் வீட்டுப் பக்கம் ஆள் இல்லையாம். அதனால் மாமியார் தங்கபுஷ்பமே முன்னின்று வளைகாப்பு நடத்துகிறாராம். ஈஸ்டருக்கு முந்தின நோன்பான லெந்து நாள் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தேதி வைத்ததாம்.

"மொத பேறுகாலத்துக்குப் பொறந்த வீட்டுல வந்து கூட்டிட்டுப் போறதுதான மொற. இந்தப் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பின இல்ல. தகப்பன் இருக்கானாம், இருந்து என்னத்துக்கு?" என்றார்.

டீ சூடாக இருந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டேன். மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

அருள்குமாரிடம் எனக்குக் காய்ச்சல் என்றேன். தொட்டுப் பார்த்தார், இல்லை என்றார்.

பகவதி கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறாள். பச்சையும் சிவப்புமாக ஒரு பெட்டி நிறைய. யாருக்கு என்றேன். பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு என்றாள். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் இருவருக்கும் என் வயது.

மார்ச் 1, சனி

நாளை போகிறேன். பறவைகளுக்காக மட்டும். வாசலுக்கு வெளியே நின்று, அரசாங்க வார்த்தையில் ரெண்டு வரி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். குரல் சரியாக வந்தது.

மார்ச் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் எழுந்தபோதே பகவதி பட்டுச்சேலையோடு கிளம்பிப் போயிருந்தாள். குளத்துக்கு வந்து, பச்சை மேல்சட்டையை மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தான் போட்டேன். தொப்பியையும் வைத்துக்கொண்டேன். தொப்பி இருந்தால் முகம் கொஞ்சம் மறையும்.

வாசலில் சின்னப் பந்தல். ரேடியோ செட்டுப் பெட்டிகள் எல்லாம் ஓரத்துக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. வெடியைக் காணோம். ஜெபசிங் வேட்டி சட்டையில் வாசலில் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க மாமா" என்றான். நான் நாற்காலியைப் பார்க்கவில்லை.

பந்தலுக்குள் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், நெற்றியில் ஒன்றுமில்லை. முகம் ஊதியிருந்தது. கால் வீங்கியிருந்தது. பைனாகுலரில் இது தெரியாது.

குளிக்கும்போது வந்த குரல் வரவில்லை. இருந்தாலும் சொன்னேன். வனத்துறை சார்பில் வந்திருக்கிறேன், இங்கே வெடி போடப் போவதாகப் புகார், குஞ்சு பொரித்திருக்கிற நேரம், வெடி கூடாது, ஒலிபெருக்கி கூடாது.

தங்கபுஷ்பம்தான் முதலில் பேசினார். "எங்க ஊருல தீவாளிக்கே வெடி கெடையாது. கிறிஸ்மஸுக்கும் கெடையாது. நீங்க தெனமும் செல்லையா கடையிலதான உக்காருதிய, அவரு சொல்லலியா?"

சொல்லியிருந்தார். ஜனவரியிலேயே சொல்லியிருந்தார், நான் இதிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். அது எப்படி என் மண்டையில் ஏறாமல் போனது என்று தெரியவில்லை. இவன் வீடு என்றதும் எதையும் நம்பத் தயாராக இருந்திருக்கிறேன்.

அப்படியானால் புகார் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"நாந்தான் சார்" என்றாள் செண்பகம்.

என்னை சார் என்றாள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் சில்லறை கேட்கும்போது கூப்பிடுவது மாதிரி.

"பத்திரிக வச்சா வர மாட்டிய. புகாருன்னா வந்துதான ஆகணும்."

ஒரு பெண்பிள்ளை தன் வீட்டின் மேலேயே பொய்ப் புகார் கொடுத்து, அதை வனத்துறையும் நம்பி, நானும் பத்து நாளாகத் தூக்கம் கெட்டு, ஆட்டுக்கு நோட்டீஸ் தின்னக் கொடுத்து. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சரியாக அந்த நேரத்தில் உள்ளேயிருந்து வளையல் தட்டோடு பகவதி வருகிறாள். பக்கத்து வீட்டு விசேஷமாம். அவள் கண்ணில் கொஞ்சமாவது பயம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

திரும்பி நடக்கத் தொடங்கினேன். பந்தல் கால் வரை போய்விட்டேன். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. செண்பகம் எழுந்திருக்கப் பார்க்கிறாள், முடியவில்லை, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்கிறாள்.

"உக்காரு. எந்திரிக்காத" என்றேன்.

ரெண்டு வருஷம் கழித்து அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அதட்டலாகத்தான் வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைதான்.

அதற்கு மேல் எப்படிக் கிளம்புவது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஜெபசிங் பக்கம் திரும்பி, மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வைக்கக் கூடாதா, இப்படியா வாளியோடு ஏற விடுவது, அதுவும் துணியை மத்தியான வெயிலில் காயப்போட்டாக வேண்டுமா என்று கேட்டேன்.

"அது எப்படி மாமா ஒங்களுக்குத் தெரியும்?" என்றான்.

பந்தலில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்துவிட்டார்கள். பகவதி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். செண்பகம் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தொப்பியைக் கழற்றினேன், பொத்தானும் அந்த நேரம் பார்த்துத் தெறித்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மைக் இல்லாமல், மேளம் இல்லாமல் ஆளுக்கொரு ஜோடி வளையல் போட்டார்கள். தங்கபுஷ்பம் மெதுவாக ஒரு ஜெபம் சொன்னார், பகவதி மெதுவாகத் திருநீறு பூசிவிட்டாள். ஒருவரும் ஒருவரைத் தடுக்கவில்லை. அவ்வளவு அமைதியான விசேஷத்தை நான் பார்த்ததில்லை. தெருக்கோடி வேப்பமரத்தில் இருந்த அரிவாள்மூக்கன்கூட அசையவில்லை.

செண்பகத்தை வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. நாலு மணிக்கு மினி பஸ் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பையோடு வந்தாள். பை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. கார் பிடிக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். அவள்தான் பஸ் போதும் என்றாள்.

நிறுத்தம் குளத்துக் கரையை ஒட்டி இருக்கிறது. வண்டி வந்தது. பகவதி முன்னால் ஏறிவிட்டாள். மாப்பிள்ளை பையை ஏற்றப் பின்படிக்குப் போனார். செண்பகம் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். படியோ உயரம், அடுத்த காலைத் தூக்க முடியவில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறாள். உள்ளே அந்தப் பாட்டுக் காதுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரெண்டு விசில் கொடுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது.

விசில் என் வாயில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. ஒற்றை விசில். நெஞ்சில் இருந்த காற்று மொத்தமும்.

டிரைவர் போட்ட பிரேக்கில் வண்டி அப்படியே நின்றது. குளம் முழுவதும் எழும்பியது. நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் எங்கள் தலைக்கு மேலே ஒரே இறக்கைச் சத்தம். தூரத்தில் அருள்குமார் பறவை பார்க்கிற கோபுரத்திலிருந்து கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. அவளை இரண்டு கையாலும் தாங்கி மேலே ஏற்றினேன்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியும்பா. அன்னைக்கும் இந்தச் சத்தம் கேட்டுத்தான் மாடிக்கு ஓடுனேன்" என்றாள்.

அவள் ஜன்னலோரம் உட்காருகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பறவைகளும் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குத் திரும்பின. கண்டக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் ரெண்டு விசில் கொடுத்தார்.

மார்ச் 5, புதன்

காப்பக எல்லைக்குள் தடையை மீறி விசில் ஊதியது ஏன் என்று ரேஞ்சர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். இரண்டாவது முறை என்பதால் பச்சைச் சட்டையைத் திருப்பித் தர வேண்டி வருமாம். பொத்தான் இல்லாமல்தான் தர முடியும்.

நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டேன். செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு, இதற்கு இவ்வளவு யோசனையா என்றாள். கடைசியில் பழைய டிப்போ வழக்கப்படி ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காரணம்: பயணி ஏறி முடிக்கவில்லை.